இரண்டாவது இடத்துக்கு எது: பழைய மவுசரா, .315-ஆ, பர்னோ .22-ஆ?

கல்லல் பக்கத்தில் ஒரு வீட்டில் பழைய போல்ட் ரைபிள் (போல்ட் என்கிற தண்டைக் கையால் இழுத்துத் தள்ளித் தோட்டா ஏற்றுவது) ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. மவுசர், .275 (குழல் துளையின் அளவு, அங்குலத்தில்), வால்நட் கட்டை, குழல் மேல் சென்னைக் கடையின் பெயர், கூடவே தோல் உறை, பித்தளை எண்ணெய்க் குப்பி, எல்லாம் சேர்த்து மூன்றேகால் லட்சம் கேட்கிறார்கள். அதைப் பார்த்துவிட்டு வந்த நாளிலிருந்து என் மச்சானுக்கு வேறு பேச்சு இல்லை. இதற்கிடையில் சிவகங்கையில் ஓய்வுபெற்ற ஒருவர் தன்னுடைய .315-ஐக் கொடுத்துவிடலாம் என்று இருக்கிறார், விலை இதில் மூன்றில் ஒரு பங்குதான். தேவகோட்டையில் இன்னொருவரிடம் ஒரு பர்னோ .22 இருக்கிறது, அவர் இரண்டுக்கும் நடுவில் ஒரு விலை சொல்கிறார். மூன்றுமே போல்ட் ரைபிள், மூன்றுமே வேட்டைக்கென்று செய்தவை, மூன்றுமே பழசு. எதை வாங்குவது என்று மச்சான் கேட்டார். போனில் சொல்லி முடியாது என்பதால் எழுதுகிறேன். நம் பக்கம் இப்படி யோசித்துக்கொண்டிருக்கிற வேறு யாருக்காவதும் உதவும்.

முதலில் ஒன்றைத் தெளிவாக வைத்துக்கொள்வோம். இதில் செலவாகப் போவது மூன்றேகால் லட்சம் இல்லை, உரிமத்தில் இருக்கிற இடம். 2019-இல் ஆயுதச் சட்டத்தைத் திருத்தியபோது ஒருவர் மூன்று துப்பாக்கி வரை வைத்துக்கொள்ளலாம் என்றிருந்ததை இரண்டாகக் குறைத்துவிட்டார்கள். மூன்று வைத்திருந்தவர்கள் ஒன்றை ஒப்படைக்க வேண்டியதாயிற்று. பரம்பரையாக வருகிற துப்பாக்கிக்கும் இதே கணக்குதான், அப்பா வைத்திருந்தது என்பதற்காக மூன்றாவது இடம் கிடைக்காது. மச்சானிடம் அவர் அப்பா காலத்து ரெட்டைக்குழல் பன்னிரண்டு போர் துப்பாக்கி (போர் என்றால் குழல் அளவு) ஏற்கெனவே இருக்கிறது, அதை அவர் விற்கப் போவதில்லை. ஆக, மிச்சம் இருப்பது ஒரே ஒரு இடம். பணம் போனால் சம்பாதித்துக்கொள்ளலாம். அந்த இடத்தில் உபயோகமில்லாத ஒன்றை உட்கார வைத்துவிட்டால், அதை விற்று, நோட்டீஸ் கொடுத்து, உரிமத்தில் நீக்கி, வேறொன்றுக்கு மறுபடி அனுமதி வாங்கி என்று வருஷக்கணக்கில் இழுத்துவிடும். அதனால் மூன்றையும் "இந்த ஒரு இடத்துக்கு எது தகும்" என்ற ஒரே கேள்வியை வைத்துத்தான் பார்க்கப் போகிறேன்.

அடுத்து, வாங்கி என்ன செய்யப் போகிறோம்? வேட்டை கிடையாது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதைக் கட்டுப்படுத்தியது, 1991-இல் அதைத் திருத்தியதோடு அந்தப் பேச்சு முடிந்துவிட்டது. முயல், கௌதாரி, மான் எதையும் சுட முடியாது. செட்டிநாட்டுச் சமையல் என்று பலகை மாட்டியிருக்கிற கடையில் தட்டில் வருகிற காடைகூடப் பண்ணையில் வளர்த்ததுதான். பயிர்ப் பாதுகாப்புக்கென்று உரிமம் வாங்கியிருந்தாலும், கடலைக்காட்டைப் பன்றி கிளறுகிறது என்பதற்காக நாமே சுட்டுவிட முடியாது, வனத்துறை அனுமதி வேண்டும். துப்பாக்கி உரிமம் வேறு, வனவிலங்கைச் சுடுகிற அனுமதி வேறு. இது தெரியாமல் பேசுகிறவர்கள் நம் பக்கம் நிறையப் பேர். கொள்ளுக்குடிப்பட்டி வேட்டங்குடி சரணாலயத்தைச் சுற்றியுள்ள ஊர்க்காரர்கள் பறவை பயந்துவிடும் என்று தீபாவளிக்கு வெடிகூட வைப்பதில்லை, அதே மாவட்டத்தில் உட்கார்ந்துகொண்டு வேட்டை ரைபிள் வாங்க அலைகிறோம் என்பது ஒரு பக்கம் வேடிக்கையாகத்தான் இருக்கிறது. ஆக மிஞ்சுவது மூன்று காரணங்கள்: கிளப்பில் குறி பார்த்துச் சுடுவது, வீட்டுக் காவல், இல்லையென்றால் பழைய சாமான் மேல் உள்ள ஆசை. மூன்றாவது காரணம் தப்பு என்று நான் சொல்லவில்லை. அதுதான் காரணம் என்பதை மச்சான் தனக்குத் தானே ஒப்புக்கொண்டால் போதும்.

சரி, மவுசருக்கு வருவோம். நியாயமாகச் சொன்னால் மூன்றில் அழகானது அதுதான், அதில் சந்தேகமே இல்லை. .275 என்பது ஜெர்மன்காரர்கள் ஏழு மில்லிமீட்டர் மவுசர் என்று 1890-களில் கொண்டுவந்த அதே தோட்டா, லண்டனில் ரிக்பி கம்பெனி அதற்கு வைத்த பெயர் .275. சம்பாவத் ஆட்கொல்லிப் புலியைச் சுட்டதற்காக 1907-இல் வேட்டைக்காரர் ஜிம் கார்பெட்டுக்குப் பரிசாகக் கொடுத்தார்களே, அந்த ரிக்பி இந்த அளவுதான். விற்கிறவர்கள் இதைக் கட்டாயம் சொல்வார்கள், சொல்லி ஐம்பதாயிரம் ஏற்றுவார்கள். ஆனால் கல்லலில் இருப்பது ரிக்பி இல்லை. மவுசர் தொழிற்சாலையில் செய்து, சென்னைக் கடை தன் பெயரைப் பொறித்து விற்ற ரகம். கடிகாரத்துக்குப் பேர்போன பி.ஆர் அண்ட் சன்ஸ் அந்தக் காலத்தில் துப்பாக்கியும் விற்றார்கள், ரங்கூனிலும் அவர்களுக்குக் கடை இருந்தது. கல்கத்தாவில் மேன்டன், ராடா போன்ற கடைகள். பர்மாவில் கொடுக்கல் வாங்கல் வைத்திருந்தவர்கள் தேக்கும் பீங்கானும் கண்ணாடியும் கொண்டுவந்த காலத்தில் இதுவும் பெட்டியில் வந்தது என்றால் நம்பத்தான் தோன்றுகிறது. நம்பிக்கைக்குக் காசு கொடுக்காதீர்கள். பழைய லைசென்ஸ் புத்தகத்தில் ரங்கூன் முத்திரை இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் அதற்கு மதிப்பு உண்டு, இல்லையென்றால் அது ஐயா சொன்ன கதை.

மவுசரின் போல்ட்டைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. பின்னால் இழுத்தால் பக்கவாட்டில் நீளமான ஒரு பட்டை தெரியும், அதுதான் எக்ஸ்ட்ராக்டர், தோட்டாவைப் பிடித்து இழுக்கிற பாகம். மேகசினிலிருந்து தோட்டா மேலே ஏறும்போதே இந்தப் பட்டை அதன் விளிம்பைக் கவ்விக்கொள்ளும், போல்ட்டைத் தள்ளிப் பூட்டும்வரை விடாது. துப்பாக்கியைத் தலைகீழாகப் பிடித்துத் தள்ளினாலும் தோட்டா கீழே விழாமல் உள்ளே போகும். முன்னால் இரண்டு பூட்டு, பின்னால் காப்புக்கு இன்னொன்று. நூறு வருஷத்துக்கு மேலாகியும் இன்றைக்குச் செய்கிற விலை கூடிய ரைபிள்கள் பல இதே அமைப்பைத்தான் பின்பற்றுகின்றன. நல்ல நிலையில் இருக்கிற ஒன்றை இழுத்துத் தள்ளிப் பார்த்தால் உரசுகிற சத்தமே வராது. கல்லல் ரைபிளின் போல்ட்டும் அப்படித்தான் போகிறது என்று மச்சான் சொல்கிறார். சந்தோஷம். ஆனால் போல்ட் வழுக்கிக்கொண்டு போவதால் குழல் நன்றாக இருக்கிறது என்று ஆகிவிடாது.

அந்தக் காலத்து ரைபிள்களுக்குச் சனியன் குழலுக்குள்தான் இருக்கும். அன்றைய தோட்டாக்களில் அடிப்பக்க மருந்தில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. சுட்ட பிறகு அது உப்பாக மாறிக் குழலுக்குள் படிந்துவிடும். உப்பு ஈரத்தை இழுக்கும், ஈரம் துரு பிடிக்க வைக்கும். எண்ணெய் போட்டுத் துடைத்தால் போகாது, உப்பு எண்ணெயில் கரைவதில்லை. கொதிக்கிற தண்ணீரைக் குழல் வழியே ஊற்றிக் கழுவி, காயவைத்து, அப்புறம்தான் எண்ணெய் போட வேண்டும். தெரிந்தவர்கள் செய்தார்கள். சுட்டுவிட்டு வந்த களைப்பில் "நாளைக்குத் துடைத்துக்கொள்ளலாம்" என்று உறையில் போட்டுவிட்டவர்கள்தான் அதிகம், அதுவும் ஐப்பசி கார்த்திகை மழையில். வெளியே நீலப்பூச்சு பளபளவென்று இருக்கும், உள்ளே பார்த்தால் அம்மைத் தழும்பு.

அதனால் போய்ப் பார்க்கும்போது இப்படிச் செய்யுங்கள். மேகசினும் அறையும் (குழலின் பின்முனையில் தோட்டா உட்காருகிற இடம்) காலி என்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதி செய்துகொள்ளுங்கள். போல்ட்டை முழுசாகக் கழற்றி மேசையில் வையுங்கள். முற்றத்தில் வெயில் படுகிற வெள்ளைச் சுவருக்கு எதிரே குழலை நீட்டி, பின்பக்கமிருந்து உள்ளே பாருங்கள். ரைஃப்லிங் வரிகள் (குழலுக்குள் வெட்டிய பள்ளக் கோடுகள்) ஓரம் கூர்மையாக, கடைசிவரை விடாமல் சுற்றிக்கொண்டு போக வேண்டும். மங்கலாக இருந்தால் ஒரு துணியில் கரைப்பான் போட்டு இழுத்துவிட்டு மறுபடி பாருங்கள், வெறும் அழுக்கு என்றால் தெளியும், குழி என்றால் தெளியாது. அறையை ஒட்டிய நாலு அங்குலத்தை விசேஷமாகக் கவனியுங்கள், முதலில் அரிப்பது அங்கேதான். அப்புறம் குழலின் வாய். இரும்புக் கம்பியை முன்பக்கமிருந்து விட்டுத் துடைத்துத் துடைத்து வாய் ஒரு பக்கமாகத் தேய்ந்திருக்கும், அப்படியிருந்தால் குறி ஒரு இடத்தில் நிற்காது.

அதோடு முடியவில்லை. கட்டையைக் கழற்றச் சொல்லுங்கள். விற்கிறவர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். குழலின் அடிப்பாதி மரத்துக்குள் மறைந்திருக்கிறது, மழைக்காலத்து ஈரம் அங்கே இறங்கினால் வெளியே வர வழியில்லை, யாரும் துடைக்கவும் மாட்டார்கள். மரக்கோட்டுக்கு மேலே கண்ணாடி, கீழே செதில் செதிலாகத் துரு, இப்படி இருக்கிற ரைபிள்கள் உண்டு. தோல் உறையிலேயே வருஷக்கணக்கில் வைத்திருந்தார்கள் என்றால் சந்தேகம் இரட்டிப்பாக வேண்டும், பதனிட்ட தோல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், உறை அழகுப் பொருள், அதில் துப்பாக்கியைப் பூட்டி வைக்கக் கூடாது. கட்டையில் கைப்பிடி மெலிந்து போகிற இடத்திலும், போல்ட்டுக்குப் பின்னால் இரும்பு முடிகிற இடத்திலும் மயிர்க்கோடு மாதிரி விரிசல் ஓடுகிறதா என்று நகத்தால் தடவிப் பாருங்கள். கரையான் தொட்டிருக்கிறதா என்றும் தட்டிப் பார்க்க வேண்டும், பர்மாத் தேக்கைத் தொடாத கரையான் வால்நட்டைச் சும்மா விடாது. போல்ட்டுக்குள் இருந்து தோட்டாவைக் குத்துகிற ஊசி, அதன் சுருள் இரண்டும் வேகமாக அடிக்க வேண்டும். வீட்டில் கைக்குக் கிடைத்த தேங்காய் எண்ணெயை ஊற்றி வைத்திருந்தால் அது உள்ளே காய்ந்து பிசினாக ஒட்டிக்கொண்டிருக்கும், ஊசி மெதுவாக நகரும், தோட்டா வெடிக்காது, இல்லையென்றால் தாமதமாக வெடிக்கும். கடைசியாக எண்கள். குழல், உடல், போல்ட் மூன்றிலும் உள்ள எண் ஒத்துப்போக வேண்டும். போல்ட் மட்டும் வேறு எண் என்றால், வேறு துப்பாக்கியிலிருந்து எடுத்துப் போட்டது, அறையின் அளவு மாறியிருக்கலாம். அளவுக்கட்டை வைத்துப் பார்க்கத் தெரிந்த லைசென்ஸ் பெற்ற கடைக்காரர் பார்க்காமல் அதில் ஒரு தோட்டாகூடப் போடாதீர்கள்.

இதெல்லாம் தேறிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அப்புறமும் ஒரு கேள்வி இருக்கிறது, அதற்குத்தான் நல்ல பதில் இல்லை. தோட்டா எங்கே? .275 நம் நாட்டு அரசுத் தொழிற்சாலைகளில் வழக்கமாக வருகிற அளவு இல்லை. தனியார் தங்கள் இஷ்டத்துக்குத் துப்பாக்கியும் தோட்டாவும் வெளிநாட்டிலிருந்து இறக்கிக்கொண்ட காலம் 1980-களோடு போய்விட்டது. பழைய இருப்பில் எங்கேயாவது ஒரு கடையில் பத்தோ இருபதோ கிடைக்கலாம், கேட்கிற விலை கொடுத்தால். அதுவும் எந்த வருஷத்தது, எப்படி வைத்திருந்தது என்று தெரியாது. வீட்டிலேயே கட்டிக்கொள்ளலாமே என்று மச்சானின் நண்பர் ஒருவர் யோசனை சொன்னாராம். உரிமம் இல்லாமல் தோட்டா செய்வது குற்றம், அந்த யோசனையை அங்கேயே விட்டுவிடுங்கள். அறையை மாற்றி .315 ஆக்கிக்கொள்ளலாம் என்பதும் அதே ரகம்தான். அனுமதி இல்லாமல் கை வைத்தால் சட்டத்துக்கும் ஆகாது, மவுசரின் மதிப்பும் அன்றோடு போயிற்று.

வெளிநாட்டு இறக்குமதி அடைபட்டதால்தான் இந்தப் பழைய ரைபிள்களுக்கு இங்கே இந்த விலை. இதே தரத்தில் இருக்கிற மவுசருக்கு இங்கிலாந்து ஏலத்தில் இவ்வளவு கொடுக்க மாட்டார்கள். அங்கே கொண்டுபோய் விற்றால் லாபம் என்று இதைத் திருப்பிப் போட்டு யாராவது சொன்னால் நம்பாதீர்கள், நூறு வயதைத் தாண்டிய பொருள் என்றால் தொல்பொருள் சட்டமும் குறுக்கே நிற்கும், தனி ஆள் ஏற்றுமதி செய்ய வழியில்லை.

இன்னொரு எச்சரிக்கையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மவுசர் தேடிப் போகிற இடத்தில் "அதை விட மலிவாக ஒரு த்ரீ-நாட்-த்ரீ வேட்டை ரைபிள் இருக்கிறது" என்று காட்டுவார்கள். தொடாதீர்கள். .303 தடைசெய்யப்பட்ட போர், சாதாரண உரிமத்தில் வராது, உள்துறை அமைச்சகம் வரை போக வேண்டும். வேட்டைக்கென்று கட்டை குறைத்து அழகாகச் செய்திருந்தாலும் அளவு .303 என்றால் கதை ஒன்றுதான்.

.315 பிறந்ததே இந்தத் தடையால்தான். பட்டாளத்துத் தோட்டா ஜனங்கள் கைக்குப் போகக் கூடாது என்று வெள்ளைக்காரன் நினைத்தான். அதனால் பட்டாளத்து ரைபிளான லீ என்ஃபீல்டின் அமைப்பையே வைத்துக்கொண்டு, ஆஸ்திரியாவின் பழைய எட்டு மில்லிமீட்டர் மான்லிச்சர் தோட்டாவுக்கு அதைப் பொருத்தி இந்தியாவுக்கென்று விற்றார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு இஷாப்பூர் அரசுத் துப்பாக்கித் தொழிற்சாலை அதே வழியில் தொடர்ந்தது. சிவகங்கையில் இருப்பது அந்த ரகம். அதைப் பற்றிப் பேச அதிகம் இல்லை. தோட்டா நம் நாட்டிலேயே செய்கிறார்கள், பெரிய ஊர்க் கடைகளில் கிடைக்கும். உதிரி பாகம் கிடைக்கும். பழுது பார்க்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். போல்ட் மவுசரை விடச் சீக்கிரம் ஓடும், லீ அமைப்புக்கே உள்ள குணம் அது. அழகு பார்த்து வாங்குகிற சாமான் இல்லை, விசை கொஞ்சம் கனம், குறி பார்க்கிற முனை தடிமன். மூன்றில் ஒரு பங்கு விலைக்கு இதற்கு மேல் என்ன வேண்டும் என்று கேட்கலாம்.

எனக்கு உதைப்பது வேறு இடத்தில். நம் மண்ணைப் பாருங்கள். கண்மாய், பொட்டல், சீமைக்கருவேலம், நடுவில் திடீரென்று ஒரு ஊர். மலை கிடையாது, குண்டு போய் நிற்க ஒரு மேடு கிடையாது. .315 குண்டு குறி தவறினால் கிலோமீட்டர் கணக்கில் போகும், செம்புராங்கல் பாறையில் பட்டால் எந்தப் பக்கம் திரும்பும் என்று யாருக்கும் தெரியாது. தோப்பில் காவலுக்கென்று இதை வைத்துக்கொண்டு இருட்டில் சத்தம் வந்த பக்கம் நீட்டுவது என்பது அடுத்த ஊர்க்காரன் தலையில் நீட்டுவதுதான். காவலுக்கு மச்சானிடம் இருக்கிற ரெட்டைக்குழலே மேல். ரவை கொஞ்ச தூரத்திலேயே வேகம் இழந்துவிடும், சக்திமான் தோட்டா எங்கும் கிடைக்கிறது, சத்தமே பாதி வேலையைச் செய்துவிடும். கிளப்புக்குக் கொண்டுபோகலாமா என்றால், பெரிய போர் ரைபிளுக்கு முந்நூறு மீட்டர் களம் வேண்டும், பக்கத்தில் எங்கே இருக்கிறது? ஆக .315 நம்பகமான துப்பாக்கி, விலை குறைவு, ஆனால் வாங்கிய பிறகு அதை வைத்து மச்சான் செய்யக்கூடியது எதுவும் எனக்குத் தெரியவில்லை.

இப்போது தேவகோட்டை பர்னோ. செக்கோஸ்லோவாக்கியாவில் உலகப்போருக்குப் பிறகு செய்தது, ஐந்து தோட்டா பிடிக்கிற சின்ன மேகசின் அடியில் கழன்று வரும். முயல், பறவைக்கென்று அந்தக் காலத்தில் தோட்டக்காரர்களும் எஸ்டேட்காரர்களும் வாங்கினார்கள். கையில் எடுத்தால் விளையாட்டுச் சாமானோ என்று முதலில் தோன்றும். சுட்டுப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள், குழல் வேலை அவ்வளவு சுத்தம். இந்தியாவில் பழைய .22 தேடுகிறவர்கள் முதலில் கேட்கிற பெயர் பர்னோதான், நல்லதாக ஒன்று வந்தால் வாரத்தில் கை மாறிவிடும்.

அதன் பெரிய பலம், அதைச் சுட முடியும். .22 தோட்டா இந்தியாவிலேயே செய்கிறார்கள், .315 தோட்டாவின் விலையில் சின்னப் பங்குதான் ஆகும். மதுரையிலும் திருச்சியிலும் ரைபிள் கிளப் இருக்கிறது, .22-க்கு ஐம்பது மீட்டர் போதும். புதுக்கோட்டைக்காரர் பிருத்விராஜ் தொண்டைமான் 2024 பாரிஸ் ஒலிம்பிக் வரை போனது பன்னிரண்டு போரை வைத்து, பறக்கிற தட்டைச் சுடுகிற ட்ராப் பிரிவில், அது வேறு ஆட்டம். ஆனால் நம் பக்கத்துப் பிள்ளைகளுக்குத் துப்பாக்கி சுடுவது ஒரு விளையாட்டு என்ற எண்ணம் வந்திருக்கிறது என்றால் அதில் அவரைப் போன்றவர்களுக்குப் பங்கு உண்டு. மச்சான் மகள் ஏர் ரைபிளில் பள்ளிக்கூடப் போட்டிக்குப் போய்க்கொண்டிருக்கிறாள், நாளைக்கு அவள் .22-க்கு மாறும்போது அப்பாவோடு களத்துக்குப் போய் வருவதற்கு ஏற்றது இதுதான். சும்மா சின்னது என்று அலட்சியம் கூடாது, .22 குண்டும் ஒன்றரை கிலோமீட்டர் வரை போகும், தோப்பில் மாங்காய் அடிக்க எடுக்கிற சாமான் இல்லை.

பர்னோவில் பார்க்க வேண்டியவை கொஞ்சம்தான். .22-இல் அந்தப் பழைய உப்புத் தொல்லை உலகப்போருக்குப் பிந்திய தோட்டாக்களில் பெரிதாக இல்லை, அதனால் குழல் நன்றாக இருக்க வாய்ப்பு அதிகம். அறையின் விளிம்பைப் பாருங்கள். தோட்டா இல்லாமல் விசையை இழுத்து இழுத்து விளையாடியிருந்தால் ஊசி வந்து விளிம்பில் அடித்துப் பள்ளம் விழுந்திருக்கும். .22 தோட்டா வெடிப்பதே விளிம்பில் அடிபட்டுத்தான், அங்கே பள்ளம் இருந்தால் சில தோட்டா வெடிக்காது. மேகசின் ஒரிஜினலா என்று கேளுங்கள், இன்னொன்று வாங்குவது சுலபம் இல்லை. குழல் மேல் டெலஸ்கோப் மாட்ட யாராவது ஓட்டை போட்டிருந்தால் விலையைக் குறையுங்கள்.

காகித விஷயத்தில் மூன்றுக்கும் ஒரே விதிதான், ஆனால் சிக்கல் அதிகம் உள்ளது மவுசரில். சிவகங்கைக்காரரும் தேவகோட்டைக்காரரும் தங்கள் பெயரில் உரிமம் உள்ளவர்கள், விற்கிறவர் உயிரோடு எதிரே உட்கார்ந்திருக்கிறார். கல்லல் வீட்டில் துப்பாக்கி யார் பெயரில்? அந்த வீட்டுக்குப் பங்காளிகள் பலர், வளவில் ஆளுக்கு ஒரு அறை, பாதிப் பேர் சென்னை, சிங்கப்பூர். வீட்டை அத்தனை புள்ளியும் (பங்குள்ள குடும்பமும்) பங்கு போட்டுக்கொள்ளலாம், துப்பாக்கி ஒரு உரிமத்தில் ஒரு ஆள் பெயரில்தான் இருக்க முடியும். அந்த ஆள் இறந்துவிட்டார் என்றால் வாரிசு உரிமம் வாங்கியிருக்க வேண்டும், இல்லையென்றால் தாமதமில்லாமல் காவல் நிலையத்திலோ லைசென்ஸ் உள்ள கடையிலோ ஒப்படைத்திருக்க வேண்டும். இரண்டும் இல்லாமல் இன்னும் பெட்டகத்துக்குள்ளிருந்து எடுத்துக் காட்டுகிறார்கள் என்றால், அவர்கள் நல்லவர்கள்தான், சட்டப்படி அது உரிமமில்லாத துப்பாக்கி. 2019 திருத்தத்துக்குப் பிறகு அதற்குக் குறைந்தது இரண்டு வருஷம், ஐந்து வருஷம் வரை போகலாம். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் கண்ணாடிக்கும் கதவுக்கும் முன்பணம் கொடுத்துத் துண்டுச்சீட்டு வாங்குகிற மாதிரி இதற்குக் கொடுத்துவிடாதீர்கள்.

உரிமம் சரியாக இருந்தால், அதில் யூஐஎன் என்கிற தனி அடையாள எண் இருக்கிறதா, புதுப்பித்த தேதி முடியவில்லையா, துப்பாக்கியின் எண் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். உரிமம் உள்ளவர் தன் சொந்தத் துப்பாக்கியை இன்னொரு உரிமதாரருக்கு நேரடியாக விற்கலாம். ஆனால் மாவட்ட ஆட்சியருக்கோ அருகில் உள்ள காவல் நிலையத்துக்கோ எழுத்தில் தெரிவித்து 45 நாள் கழிந்த பிறகுதான் கை மாற வேண்டும். வாங்குகிற பக்கம் மச்சானின் உரிமத்தில் அந்த வகைத் துப்பாக்கி வாங்க அனுமதியும் கெடு தேதியும் இருக்க வேண்டும், வாங்கிய பிறகு கொண்டுபோய்க் காட்டிப் பதிந்துகொள்ள வேண்டும். ரைபிளுக்கா, பன்னிரண்டு போருக்கா, எந்த அளவு என்று உரிமத்தில் எழுதியிருப்பதை இப்போதே எடுத்துப் பாருங்கள்.

அப்புறம் தேர்தல். தேர்தல் அறிவிப்பு வந்ததும் உரிமம் உள்ள துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வார்கள். பாராளுமன்றம், சட்டசபை, உள்ளாட்சி என்று மாற்றி மாற்றி வரும். அங்கே நூறு துப்பாக்கியோடு சாய்த்து வைத்திருப்பார்கள், அது யாருடைய தப்பும் இல்லை, இடம் அவ்வளவுதான். மூன்றேகால் லட்ச ரூபாய் வால்நட் கட்டை பக்கத்துத் துப்பாக்கியில் உரசிக்கொண்டு இரண்டு மாதம் நிற்பதைத் தாங்கிக்கொள்ள முடியுமா என்று யோசித்துக்கொள்ளுங்கள். லைசென்ஸ் உள்ள கடையில் பாதுகாப்புக்கு ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொள்வது ஒரு வழி, வாடகை ஆகும். .315-க்கு இந்தக் கவலையே வராது.

விலையை வைத்துப் பார்த்தால் .315 மலிவு, பேரை வைத்துப் பார்த்தால் மவுசர். நான் சொல்வது பர்னோ. மூன்றில் மாதாமாதம் வெளியே எடுக்கப்படப் போவது அது ஒன்றுதான், மச்சான். உங்கள் ரெட்டைக்குழல் காவலுக்கு இருக்கிறது, .315 அதற்கு மேல் எதையும் கூட்டவில்லை. மவுசர் பார்க்க மட்டும்தான், பார்க்க மட்டும் ஒன்றுக்கு உங்களிடம் மிச்சமிருக்கிற ஒரே இடத்தைக் கொடுப்பது எனக்குக் கட்டுப்படியாகவில்லை.

இருந்தாலும் மவுசர்தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். அப்படியானால் இரண்டு நிபந்தனை. பணம் கொடுப்பதற்கு முன்னால் ஐம்பது நல்ல தோட்டாவாவது எந்தக் கடையில் கிடைக்கும் என்று கடைக்காரர் வாயால் கேட்டுக்கொண்டு வர வேண்டும். கட்டையைக் கழற்றிக் குழலின் அடிப்பக்கத்தைப் பார்க்க வேண்டும். இரண்டில் ஒன்றுக்கு அவர்கள் இழுத்தடித்தாலும் எழுந்து வந்துவிடுங்கள். விற்கிற வீட்டாருக்கும் ஒரு வார்த்தை. உங்களுக்கு அதை விற்க மனமில்லை, வீட்டில் ஞாபகமாக இருக்கட்டும் என்றால், முறைப்படி செயலிழக்கச் செய்துகொள்ள வழி இருக்கிறது. பழுது பார்த்தாலும் சுட முடியாது என்ற நிலைக்குப் போன பழைய துப்பாக்கி, சட்டத்தில் துப்பாக்கிக் கணக்கில் வருவதில்லை. அதைச் செய்கிற கடையையும் அதற்கான காகிதத்தையும் ஆட்சியர் அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு செய்யுங்கள், பட்டறையில் கொடுத்து ஓட்டை போட்டுவிடாதீர்கள்.

தேவகோட்டைக்காரர் வெள்ளிக்கிழமை ஊரில் இருப்பாராம். லைசென்ஸ் புத்தகத்தை எடுத்துக்கொள்ளுங்கள், சின்ன டார்ச் ஒன்று, வெள்ளைத் துணி கொஞ்சம். விலையில் பத்தாயிரம் இறங்குவார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது, இரண்டாவது மேகசின் வைத்திருந்தால் அதைக் கேட்டு வாங்குங்கள், பத்தாயிரத்தை விட்டுவிடலாம்.